ஒரு ரூபாய் வித்தியாசம்

பிறஷருக்கு மருந்தெடுக்கப் போன இடத்தில்
சலத்தையும் ஒருக்கால் பார்ப்பம் என்றார்கள்.
இரத்தம் இருக்கிறதாம்.
'றேஸ்' என்று எழுதியிருக்கிறது.
போத்தலை நான்தான் மூடிக் கொடுத்தேன்.
வெளிறிய தேயிலைச் சாயம்போல் இருந்தது,
வேறொன்றையும் காணவில்லை.

முப்பத்தெட்டு வருஷம் மாதாமாதம் பார்த்த இரத்தம்.
அதன் மணம் தெரியும்.
வருமுதல் நாள் இடுப்பு எப்படிக் கழன்றுபோகும் என்று தெரியும்.
எந்தச் சவர்க்காரத்துக்குப் போகும்,
எதற்கு அசையாது என்பதும் தெரியும்.
அப்போதெல்லாம் எவரும் துண்டெழுதி
என்னை லாப்புக்கு அனுப்பவில்லை.
அது நின்று இந்த மாசியோடு இரண்டு வருஷம்.
இப்போது கண்ணுக்குத் தெரியாத ஒன்று
கடுதாசியில் வந்து நிற்கிறது.

"கல்லடியில இருக்கிறவளுக்குக் கல்லில்லாம
மறுகா என்னகா?"
பக்கத்து வளவு பரிபூரணம் சிரித்தாள்.
நெருஞ்சி அவித்துத் தந்தாள். குடித்தேன்.
பார்லியும் குடித்தேன்.
"றேஸ் எண்டா இல்லாத மாதிரித்தான்,
காசைக் கரியாக்காத" என்றார் இவர்
சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு.

பாலமீன்மடு ஐஸ் கொம்பனியில் நான் கணக்கு.
ஒரு பங்குனி முடிவில் ஒரு ரூபாய் இடித்தது.
முதலாளி பொக்கற்றுக்குள் கைவிட்டு
ஒரு குத்தியை மேசையில் வைத்தார்:
"இந்தா, சரியாப் போச்சு. வீட்ட போ புள்ள."
நான் போகவில்லை.
இரவு எட்டரைக்கு அகப்பட்டது.
ஒரு பக்கம் நாற்பதாயிரம் கூட,
மற்றப் பக்கம் அதற்கு ஒரு ரூபாய் குறைந்த பிழை.
இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு
மிச்சமாய்த் துப்பியது அந்த ஒரு ரூபாய்.
வேறு மாதங்களில்
அது வெறும் பேனை வழுக்கலாகவும் இருந்திருக்கிறது.
தேடி முடிக்கும் வரை
இரண்டுக்கும் முகம் ஒன்றுதான்.

பத்து நாள் கழித்து மறுபடி கொடுத்தேன்.
"முதல்ல கொஞ்சம் போக விட்டிட்டு
நடுவில பிடிக்கோணும்" என்றான் லாப் பெடியன்,
சுவரைப் பார்த்துக்கொண்டு.
மறுபடியும் றேஸ்.

டொக்டர் நுஸ்ரியா சின்னப் பிள்ளைதான்,
ஆனால் அவசரப்படாத பிள்ளை.
கிருமி இல்லை என்றார், கல்ச்சர் சுத்தம்.
கல்லாக இருக்கலாம்.
சிறுநீரகத்தின் வடி
பழைய துணிபோல் நைந்து கசியலாம்.
நீங்கள் போடுகிற அந்த அஸ்பிரின் மேல்
பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் ஏலாது.
சலப்பையின் உள்சுவரில் ஏதும் ஒரு முளை…
இந்த இடத்தில்
பேனை மூடியைத் திறந்து மூடினார்.
"எல்லாம் தேடியும் ஒண்டும் கிடைக்காமலும் போகலாம்.
அப்படி நிறையப் பேர்."
பிறகு கேட்டார்: "சிகரெட் பழக்கம்?"
"எனக்கில்லை" என்றேன்.
இவர் தன் செருப்பைப் பார்த்தார்.
"அப்ப, தேடுவமா?" இது நான்.
"நீங்கள் கேட்டிருக்காட்டி நான் சொல்லியிருப்பன்."

துண்டில் மூன்று வரி.
கிரியேற்றினின். ஸ்கான்.
மூன்றாவதில் கமரா விட்டுப் பார்ப்பது,
அதற்குத் திகதி பிறகு.

வியாழக்கிழமை, போதனா வைத்தியசாலை.
ஒரு லீற்றர் தண்ணீர் குடித்து
அடக்கிக்கொண்டு வரவேண்டும் என்பது கட்டளை.
வாங்கில் பன்னிரண்டு பேர்,
பன்னிரண்டு நிறைகுடங்கள், தளும்பாமல்.
செங்கலடிக் கமக்காரர் ஒருவர்
மின்விசிறியையே எண்ணிக்கொண்டிருந்தார்.
ஏறாவூர்ப் பெண்ணொருத்தி காலை ஆட்டியபடி
"எத்தினையாம் நம்பர் அக்கா?"
பதினேழு.
உள்ளே இருப்பது ஒன்பது.
இவர் தண்ணீர்ப் போத்தலை
என் கண்ணில் படாமல் முதுகுக்குப் பின் வைத்திருந்தார்.
காலையிலிருந்து இவரில் புகை மணக்கவில்லை.
நான் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கதவு திறந்தது.
"பத்து!"
எவரும் எழும்பவில்லை.
"பத்தாம் நம்பர் ஆர்?"
ஏறாவூர்ப் பெண் விரலைக் கக்கூஸ் பக்கம் நீட்டினாள்.
பத்து ஓடிவிட்டது.
மிச்சமிருந்த நாங்கள்
மெல்ல, மிக மெல்ல,
தொடைகளை இறுக்கிக்கொண்டு சிரித்தோம்.